பலகை இல்லாத வளையம்

விசில் ஊதியது நான்தான்.
பந்தைத் தரையில் தட்டித் தட்டி
நாலு எட்டு ஓடிவிட்டாள்.
வலைப்பந்தில் அது பிழை.
ஒல்லாந்து லீக்கில் பதின்மூன்று பருவம் ஆடியவளுக்கு
கொக்குவிலில், ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகள் முன்னால்,
நான் காட்டிய முதற் சைகை.

துசாயினி கனகநாயகம்.
சட்டையில் பெயர் அச்சடிக்கிற கடையில்
எழுத்துக்கு இவ்வளவு என்று காசாம்.
"முதல் வருசம் முதுகில 'கனக' மட்டும்தான்,
அப்பா மிச்சத்துக்குக் காசு சேர்த்தார்."
அப்பாவுக்குத் தக்காளிக் கண்ணாடிக்கூடத்தில் இரவு வேலை.
போட்டிக்கு வந்தால் கடைசி வரிசையில் நித்திரை.
இறுதி விசிலுக்குத் திடுக்கிட்டு எழும்பி
"வெண்டதோ?" என்பாராம்.

அங்கே அணியில் அவள்தான் ஆகக் கட்டை.
இங்கே சாமான் அறை நிலையில் நெற்றி இடித்தாள்.
தடவிக்கொண்டே பந்துகளை அமத்திப் பார்த்தாள்,
ஏழில் ஐந்துக்குக் காற்றுப் போதாது.

சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது.
பஸ் காசுக்கும் சப்பாத்துக்கும் காணும் என்றாள்.
காலையில் மருந்துக்கடை, பின்னேரம் பயிற்சி.
செம்மஞ்சள் சட்டை இருபத்தாறு தரம்.
தேசியகீதத்துக்கு, இரண்டாம் வரிக்குப் பிறகு,
வாயை மட்டும் அசைத்தாளாம்.

இடது முழங்காலில் இரண்டு தழும்பு.
ஒன்று அரையிறுதியில்.
மற்றது ஒரு நடைபாதைப் பனியில்,
கையில் பந்துகூட இல்லை, பாண் இருந்தது.
"விடைபெறுகிறன் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை.
அடுத்த பருவம் வந்தது. நான் போகேல்லை."

காலையில் கோட்டைக்குக் கொண்டுபோன ஓட்டோக்காரர்
"உங்கட ஆக்கள் கட்டினதுதானே" என்றிருக்கிறார்.
அங்கே ஒரு பயிற்சியாளர் ஒவ்வொரு வருடமும்
"உங்கள் நாட்டில் எல்லோரும் இவ்வளவு வேகமா?" என்பாராம்.
இரண்டு பேருக்கும் ஓமென்று தலையாட்டினவள்
என் விசிலுக்கும் ஆட்டினாள்.

இரண்டாவது பந்து.
நின்று, காலூன்றி, விதிப்படி.
கண் வளையத்தில் இல்லை.
அதற்கு மேலே, வலப்பக்கம், ஒரு சாண் தள்ளி.
மணிக்கட்டு மடங்கிய அழகைப் பிள்ளைகள் பார்த்தார்கள்.
பந்து எதிலும் படாமல்
மதில் தாண்டி வாழைத்தோட்டத்துக்குள் போனது.

"எங்க பாத்து எறிஞ்சனீங்கள், அக்கா?"

அவள் விரலால் காட்டினாள்.
ஒரு கம்பி, ஒரு வளையம்,
அதற்குப் பின்னால் ஆவணி மாத வெயில்.
பதினாறு பிள்ளைகளும் அண்ணாந்து
அந்த வெறும் இடத்தைப் பார்த்தார்கள்.
நானும் பார்த்தேன், விசில் பல்லிடுக்கில்.
ஒரு காகம் அதற்கூடாகப் போனது.

தோட்டத்துக்குள்ளிருந்து அபிவர்ணா கத்தினாள்:
"மிஸ், இறைச்ச தண்ணிக்குள்ள விழுந்திட்டுது,
முழுக்கச் சேறு. எறியட்டோ?"

நான் வேண்டாமென்று சொல்ல வாயெடுக்கமுன்
துசாயினி மதிலைப் பார்த்துத் திரும்பிவிட்டாள்,
முழங்கால் மடிந்து,
நெஞ்சுக்கு நேரே கைகள், பத்து விரலும் விரிந்து.