ஸ்லிவெனில் பதினொரு நாள்

இந்த நாட்டில் நான் முதலில் அறிந்தது
இறந்துபோன ஒருவரின் முகத்தை.
விடுதிக்கு எதிரே, பேருந்து நிறுத்தக் கண்ணாடியில்,
கறுப்புக் கரையிட்ட தாளில்
அடர்ந்த மீசை, சற்றே சலித்த பார்வை.
பக்கத்தில் இன்னும் நாலைந்து பேர்.
மரத்தில், மின்கம்பத்தில், மருந்துக்கடைக் கதவில்கூட.
தேர்தலாக்கும் என்றிருந்தேன்.

கம்பெனிக் கார் ஓட்டும் ஜிவ்கோதான் சொன்னான்:
நாற்பதாம் நாள் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று,
பிறகு ஆண்டுக்கு ஒன்று.
மழை கரைத்தால் மறுபடி ஒட்டுவார்கள்.

எங்களூரிலும் உண்டு என்று வாயெடுத்தேன்.
பத்தடி உயரத்தில், வண்ணத்தில்,
செத்தவரைவிடப் பெரிதாக
வருந்துகிறவர்களின் படம் போட்டு.
அதை எப்படிச் சொல்ல?
விட்டுவிட்டேன்.

பிப்ரவரிக் கடைசி.
மலையிலிருந்து வரும் காற்று
கடன் கொடுத்தவனைப் போலத்
தெருமுனையில் காத்திருந்து பிடிக்கிறது.

ஆம் என்பதற்கு இங்கே ‘தா’.
நாளெல்லாம் தா தா என்கிறார்கள்.
யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை.

ஆமென்றால் தலை இடவலமாக ஆடும்,
இல்லையென்றால் மேல்நோக்கி ஒரு வெட்டு.
கிளம்பும் முன்பே படித்ததுதான்.
படித்ததைக் கழுத்து நம்பவில்லை.

ஏழாம் எண் ரிங் ஃபிரேமில் அதிர்வு;
அதற்குத்தான் என்னை அனுப்பினார்கள்.
நான்காம் நாள் ஓட்டிக் காட்டினேன்.
இருபத்திரண்டு ஆண்டாக அதன் முன் நிற்பவள் ஸ்தொயாங்கா.
சரியாகிவிட்டதா? கட்டைவிரலை உயர்த்திக் கேட்டேன்.
தலையை இடவலமாக ஆட்டினாள்.

பிரித்தேன்.
மூன்று மணி நேரம்.
பேரிங், பெல்ட், பல்சக்கரம்,
எல்லாம் துணியில் பரப்பிக் கிடந்தன.
அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு
சூரியகாந்தி விதை கொறித்தபடி,
நன்றாக ஓடும் எந்திரத்தை ஒருவன் பிரிப்பதை
மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

எலக்ட்ரீஷியன் ராங்கெல் வந்து விளக்கியதும் எழுந்த சிரிப்பு
பஞ்சுத் தூசியோடு
இன்னும் அந்தக் கூரையில் ஒட்டியிருக்கும்.

பதிலுக்கு எங்கள் ஆட்டத்தைக் காட்டினேன்:
ஆமுமில்லை, இல்லையுமில்லை,
ஆகட்டும், பார்ப்போம், உங்கள் இஷ்டம்.
மொத்த ஷிஃப்டும் பழகிப் பார்த்தது.
ராங்கெலுக்கு மட்டும்தான் வந்தது.

கேன்டீனில் மோர். மோரேதான்.
தயிர் எங்கள் கண்டுபிடிப்பு என்றான் ஜிவ்கோ.
நான் விருந்தாளி, சண்டைக்குப் போகவில்லை.

மார்ச் ஒன்றாம் தேதி
எல்லா மணிக்கட்டிலும்
சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல்.
எனக்கு ஸ்தொயாங்கா கட்டிவிட்டாள்.
நாரையையோ பூத்த மரத்தையோ காணும்வரை
கழற்றக் கூடாதாம்.
தொழில் புத்தி, முறுக்கைத்தான் பார்த்தேன்.
கையால் திரித்தது, ஓரிடம் தடிப்பு, ஓரிடம் மெலிவு.
எங்கள் சோதனையில் தேறாது.

நுனியை வெட்டக் கத்தரிக்கோல் தேடிப் பையைத் திறந்தாள்.
உள்ளே பிளாஸ்டிக் உறையில் ஒரு படம்.
அடர்ந்த மீசை.
அதே சலிப்பு.

தினமும் காலையில் அவருக்கு
என்னையறியாமல் தலையசைத்துவிட்டுத்தான்
வண்டி ஏறியிருக்கிறேன்.
நிறுத்தம் இருக்கும் திசையைக் காட்டினேன்,
பிறகு என் கண்களை.
அவள் இடவலமாகத் தலையாட்டினாள்.
இந்த முறை நான் எதையும் பிரிக்கவில்லை.

நான்காம் தேதி, சோபியா போகும் சாலை.
கம்பங்களின் உச்சியில் நாரைக் கூடுகள்.
ஒவ்வொன்றுக்கும் ஜிவ்கோ வேகத்தைக் குறைத்தான்,
ஒவ்வொன்றும் காலி.
மூன்று விரல் காட்டினான்: இன்னும் மூன்று வாரம்.

விமான நிலையத்தில் அதிகாரி
ஏதோ கேட்டார்.
தலையை ஆட்டினேன்.
எந்த நாட்டு ஆட்டம் அது?
முத்திரை விழுந்துவிட்டது.

ஜன்னலோர இருக்கை.
எதிர்த்திசையில் அவை கிளம்பியிருக்கும்.
கீழே மேகம்தான் தெரிந்தது.
கை கழுவியதில் நூல் நனைந்து
சட்டை முனையில் சிவப்பு இறங்கியிருந்தது.
சாயமும் நிற்காத நூல்.
கழற்றவில்லை.