அம்பு ஸ்டிக்கர்

தீவாளி நோம்பி முடிஞ்ச மூணாம் நாள்.
பனியன் கம்பெனிக்கெல்லாம் பூட்டு.
சாயப்பட்டறைக் குழாய் மேல
காக்கா உக்காந்திருக்குது, சூடு இல்லாம.
திருப்பூரே வெளியூர் போயிட்ட மாதிரி
பல்லடம் ரோட்டுல பஸ்ஸெல்லாம் காலி.
அந்த ரோட்டோரந்தான்
நாலு கம்பம் நட்டு
நீலமும் மஞ்சளுமா கூடாரம்.
சர்க்கஸு, டான்ஸு, குடும்பத்தோட வாங்கன்னு
ஆட்டோவுல மைக் வச்சுக் கத்திட்டே போறான்.

போனஸுல மிச்சம் ஆயிரத்து நானூறு.
கேலரி நூத்தம்பது, சேர் முன்னூறு.
"சேருக்கே போலாமுங்"னேன்.
வெள்ளிங்கிரி என்னைப் பார்த்தாரு,
சூடு ஏறிருச்சான்னு
இஸ்திரிப்பொட்டியப் பாக்கற பார்வை.
அப்பறம் நாலு டிக்கெட்.

முந்தின நாள் மழை.
சேத்து மேல மரத்தூள் கொட்டியிருந்தாங்க.
ஜோக்கர் ரெண்டு பேரு பக்கெட்டோட விழுந்ததுல
சின்னவனுக்குச் சிரிச்சுச் சிரிச்சு விக்கல்.
நாய்க்குட்டி ஏணி ஏறுச்சு.
எட்டுப் பொண்ணுங்க வளையம் சுத்தி ஆடுனாங்க,
எங்க லைன்ல மினாத்தி
சோத்து நேரத்துல போன்ல வைக்கற அதே இந்திப் பாட்டுக்கு.
அவ இந்நேரம் ஒடிசாவுல
செகண்ட்ஸ் பனியன் கட்டைப் பிரிச்சு
ஒறம்பரைக்கெல்லாம் பங்கு வச்சிட்டிருப்பா.

அப்பறம் லைட்டெல்லாம் அணைஞ்சு
மேல மட்டும் ஒரு வட்டம்.
ரோஸ் கலர் லைக்ரா போட்ட பொண்ணு,
பதினெட்டு இருக்கும், இல்ல இருபது,
ஊஞ்சல்ல நின்னுச்சு.
எல்லாரும் மொகத்தைப் பார்த்தாங்க.
நான் எடது அக்குளைப் பார்த்தேன்.

பதினோரு வருசம் செக்கிங் டேபிள்.
ஒன்றரை ஷிப்டுக்குத் தொள்ளாயிரம் பீஸ்.
கம்பெனிக்கு லீவு விட்டாலும்
கண்ணுக்கு யாரு விடறா?
கை ஏத்தற மூட்டுல ரெண்டு இஞ்ச்
ஓவர்லாக் விட்டு, வாய் தொறந்து கெடக்குது.

டேபிள்ல வந்த பீஸா இருந்தா
செவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒண்ணக் கிழிச்சு
அந்த எடத்தைக் காட்டி ஒட்டி
அக்கட்டால தள்ளியிருப்பேன்.
ஆல்டருக்குப் போயிரும், அதோட என்ற வேலை தீந்துது.
இது நாப்பதடி ஒசரத்துல
தலகீழாத் தொங்குது.

அவ கையை விட்டா.
ரெண்டு இஞ்ச் மூணாச்சு, நாலாச்சு.
ஒரு நூலு மட்டும்
அவ பின்னாலயே பறந்து வந்துச்சு.
எதுத்தாப்ல ஒரு கை.
புடிச்சுது.

கூடாரமே கை தட்டுச்சு.
தாரணிகா என்ற தொடையைக் கிள்ளிக் குதிச்சா.
நான் வாயில ஊக்கு கடிச்சிட்டிருக்கறவ மாதிரி
கம்முனு உக்காந்திருந்தேன்.

இடைவேளை. பாப்கார்ன்ல மிச்ச எறநூறும் போச்சு.
கூண்டுக்குள்ள மூணு பைக் சுத்துனதுல
பெட்ரோல் வாசம் தலையப் புடிச்சுது.
கடைசியா எல்லாரும் ஒண்ணா ஆட வந்தாங்க.
அவளும் வந்தா.
இடுப்புல பச்சைப் பாவாடை, மேல அதே ரோஸு.
ரெண்டு கையும் தூக்குனா.

கருப்பு நூலு.
ரோஸ் துணிக்குக் கருப்பு நூலு.
கைத்தையல், எட்டு. எண்ணிப் பார்த்தேன்.
கோணலா, பெருசு பெருசா,
நிக்க வச்சே தச்சிருக்கோணும்.
உடுத்துன துணியத் தைக்கக் கூடாதும்பாங்க எங்க பக்கம்;
அங்க திரைக்குப் பின்னால
எந்தப் புள்ளயோ பல்லால நூலைக் கடிச்சுட்டு
"போ, போ"ன்னு முதுகைத் தள்ளியிருக்கும்.

இப்படி ஒரு பீஸை எந்த பையரும் எடுக்க மாட்டான்.

"பாஸ்"னேன்.
வாய் விட்டே சொல்லிட்டேனாட்ட இருக்குது.
"என்னம்மா பாஸு?"
"ஒண்ணுமில்ல கண்ணு. ஆடறதப் பாரு."
அப்பறந்தான் நானும் பார்த்தேன்.
தாளத்துக்கு ஒரு மயிரிழை பிந்தறா.
சிரிக்கறப்ப தெத்துப்பல்லு ஒண்ணு எட்டிப் பாக்குது.
அதுக்கு ஒட்டற ஸ்டிக்கரு
எங்க கம்பெனில இல்ல.

வெளிய தூறல்.
ஒத்தை மொபெட்டுல நாலு பேரு.
"எப்படி இருந்துச்சு?"ன்னாரு திரும்பாமயே.
"எட்டுத் தையலுங்."
"ஆயிரத்து எறநூறு ரூவாய்க்கா?"

வண்டி செம்மண் சேத்துல
ஒருக்கா வழுக்குச்சு.
ரெண்டு காலையும் ஊனி நேராக்குனாரு.
சின்னவனுக்கு இன்னும் விக்கல் நிக்கல.