ஜவ்வாது மலைக்கு ஒன்பது பேர்

தேவநேசன் சார் சொன்னது ஒரே வரி:
"பாதி வேலை, பாதி ஓய்வு. கணக்கு இடிக்கக் கூடாது."
ஒஹாயோ ஆஸ்பத்திரிகளுக்கு வேலூரிலிருந்து பில் போடுகிறவர்.
ஓய்வுக்கும் ஒரு கோடு நம்பர் எங்கோ இருக்குமென்று நம்புகிறவர்.

தோட்டப்பாளையத்தில் ஸ்கேன் சென்டருக்கு மேல்மாடி.
இரவு ஏழுக்கு ஷட்டர் ஏறும், காலை நாலுக்கு இறங்கும்.
கம்பெனி என்றால் ஒன்பது நாற்காலி.
சக்கரம் கழன்ற ஒன்று என்னுடையது.
சம்பளம், லீவு, டீத்தூள் என் பொறுப்பு,
இந்த மாதம் சுற்றுலாவும்.

எக்செல் திறந்தேன்.
வேலைக்கு மஞ்சள், ஓய்வுக்குப் பச்சை.
மஞ்சளில் முதல் வரி:
"நிராகரித்த கிளெய்ம்களைக் குறைப்பது எப்படி", மூன்று மணி நேரம்.
பச்சையில் "காலை ஆறு, யோகா" என்று போட்டுவிட்டு
நானே சிரித்தேன்.
தெருவில் மற்றவர்கள் கோலம் போடும் அந்த நேரத்தில்தான்
ஜன்னலுக்குப் போர்வை கட்டி
நாங்கள் படுப்போம்.

டீ நேரத்தில் ஒவ்வொருவராய்க் கேட்டேன்.
தௌஃபீக்: "வெள்ளி வேணாம், சனிக்கிழமை கிளம்பலாம்.
ஆம்பூர்ல நிறுத்துவீங்க இல்ல?"
பிரியாணி, முக்கால் மணி நேரம்.
அது பச்சையா மஞ்சளா?
ஞாயிற்றுக்கிழமைபோல் கூட்டமிருந்தால்
ஒன்பது பேருக்கு டேபிள் பிடிப்பதும் வேலைதான்.
லோகேஸ்வரன்: "அங்க சிக்னல் கீதா?"
இல்லை என்றேன். முகம் மலர்ந்தது,
கடன் வசூல்காரன் கூப்பிட முடியாது.
உடனே வாடியது,
அவளாலும் கூப்பிட முடியாது.
ஜெமிமா: "விளையாட்டுன்னு சொல்லி
பலூன் ஊதச் சொன்னா நான் வரல."

கோமளவல்லி அக்கா அன்று எதுவும் சொல்லவில்லை.
மறுநாள் என் மேசைப் பக்கம் வந்து
ஸ்டேப்ளரைத் திறந்து மூடிக்கொண்டே:
"ராத்திரி வேலைன்னா வேலைதான்னு
எங்க வீட்ல நம்பறதுக்கு நாலு வருஷமாச்சு.
வேலையில்லாத ராத்திரின்னு இப்ப ஒண்ணை
எப்படிப் போய்ச் சொல்றது?
எனக்கு மட்டும் எல்லாத்தையும் மஞ்சளாக்கிக் குடு."

ஞாயிறு, வேன்காரர் ஏகாம்பரத்தோடு இடம் பார்க்கப் போனேன்.
வாணியம்பாடி தாண்டி, ஆலங்காயம் தாண்டி,
வளைவுக்கு வளைவு அவர் ஒரு சாமியைக் கும்பிட,
காவலூர்ப் பக்கம் ஐந்து அறை விடுதி.
வெந்நீர் உண்டு, புரொஜெக்டர் கிடையாது.
சுவரில் வெள்ளை வேட்டி கட்டிக்கொள்ளலாமாம்.
விடுதிக்காரர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்:
"ராத்திரி வெளிய லைட்டு போடாதீங்க.
அதோ, அங்க நட்சத்திரம் பாக்கறவங்க கண்ணு கூசும்."
மரங்களுக்கு மேலே ஒரு வெள்ளைக் கூண்டு
பட்டப்பகலில் இறுக மூடிக் கிடந்தது.
எங்கள் வீட்டு ஜன்னல் மாதிரி.

திரும்பும் வழி முழுக்க அதையே நினைத்திருந்தேன்.
மலையிலும் ஒரு நைட் ஷிப்ட்.
அவர்களிடமும் யாராவது
பாதி வேலை, பாதி ஓய்வு என்று கேட்பார்களா?

யோகாவை அழித்தேன்.
காலை பத்து வரை யாரையும் எழுப்பக் கூடாது என்று எழுதினேன்.
கிளெய்ம் பேச்சை மூன்றிலிருந்து இரண்டு மணி நேரமாக்கி
மாலைக்குத் தள்ளினேன், எங்களுக்குப் பொழுது விடிகிற நேரத்துக்கு.
இரவு இரண்டு என்று ஒரு வரி சேர்த்தேன்.
எப்படியும் ஒன்பது பேரும் விழித்திருப்போம்,
கைக்கு வேலையில்லாமல், விளக்கில்லாமல்,
வானத்துக்குக் கீழே என்ன செய்வதென்று தெரியாமல்.

சார் கேட்டார்: "இது என்ன நிறமே இல்லாம?"
"டீ" என்றேன். கையெழுத்துப் போட்டார்.

அக்காவுக்குத் தனியாக ஒரு பிரதி எடுத்தேன்.
முதல் வரி முதல் கடைசி வரி வரை மஞ்சள்.
"இரவு 2 முதல் 4: கள ஆய்வு. வருகைப்பதிவு கட்டாயம்."
கம்பெனி முத்திரையும் குத்திக் கொடுத்தேன்.

நான்காய் மடித்துக் கைப்பையில் வைத்தவர்
கதவு வரை போய்த் திரும்பினார்.
"ரெண்டு மணிக்கு அங்க ரொம்பக் குளிருமா?"
கேட்டுச் சொல்கிறேன் என்று
விடுதிக்காரருக்குப் போன் போட்டேன்.
தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தார்.
அதை அந்தப் பெண் குரல்
தமிழிலும் இங்கிலீஷிலும் சொல்லி முடிக்கும்வரை
அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.