வெறும் வயிற்றில்

பன்னிரண்டு மணி நேரம்
எதுவும் சாப்பிடாமல் வாருங்கள் என்று
முந்தின நாளே சொல்லியிருந்தோம்.
பீஞ்சமந்தைப் பள்ளிக்கூடத்து வராந்தாவில்
வரிசையிலிருந்து ஒரு குரல்:
"அத்த எங்களுக்கு வேலூர்லருந்து வந்து சொல்லணுமா?"
சிரிப்பு அடங்கும்வரை
ஊசியின் உறையைப் பிரிக்காமல் நின்றேன்.

வெள்ளச்சி, முப்பத்தாறு வயது.
இடுப்பளவு எடுக்கையில்
டேப்பைத் தானே இழுத்துப் பிடித்தாள்,
காணி அளக்க வந்தவனை நம்பாதவள் போல.

ஜெனரேட்டர் உறும, குழாய்கள் சுழன்று நின்றன.
மற்றவர்களுடையதில் மேலே தேன் நிறத் தெளிவு.
அவளுடையதில்
சாமைக்கஞ்சி.

மூன்று மாதம் கழித்து டாக்டர் சொன்னார்:
மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது.
விளைச்சல் பொய்த்த ஆடிகளில்
ஒரு பருக்கையையும் வீணாக்காமல்
பதுக்கப் பழகிய உடம்பாக இருக்கலாம்,
உறுதியாகச் சொல்ல முடியாது.
ரேஷனில் மாதாமாதம் அரிசியும் பாமாயிலும் வருவதை
அதற்கு யாரும் இன்னும் சொல்லவில்லை.

"அப்ப எங்கப்பன்கிட்டருந்து வந்ததா?"
அப்பாவுக்கு என்ன ஆச்சு?
"ஆட்டுப்பட்டியில மார பிடிச்சிக்கினு உக்காந்தாரு.
நாப்பத்தோரு வயசு."

கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு முந்தானையிலிருந்து
நாலாய் மடித்த மனு ஒன்றை எடுத்தாள்.
"மவன் காலேஜி சேரணும்.
சாதி சர்டிபிகேட்டுக்கு மூணு வருசமா நடக்கறன்.
உங்கப்பன் யாரு, அவங்கப்பன் யாரு,
மலையாளிதான்னு என்னா ஆதாரம்னு கேக்கறாங்க.
ஒரு சென்ட் பட்டா வெச்சிட்டுப் போவாத மனுசன்
ரத்தத்துல எழுதி வெச்சிருக்காருன்றீங்களே,
அந்தத் தாளக் குடுங்க.
தாசில்தாராண்ட காட்டறன்."

அந்தத் தாளில் பெயர் இல்லை.
நூற்றுப் பதினேழு என்ற எண் மட்டும்.
யாரும் யாரென்று தெரியக்கூடாது,
அது ஆராய்ச்சியின் அறம்.
தவிர, சாதியைச் சொல்லும் எழுத்து
எந்த ரத்தத்திலும் இல்லை.
இதையெல்லாம் அவளிடம் விளக்கினேன்.
விளக்கியது எனக்கே கேட்கவில்லை.

மாத்திரை அட்டையை வாங்கிக்கொண்டாள்.
எண்ணெயைக் குறைக்கச் சொன்னதற்குத் தலையாட்டினாள்.
மனுவை மடித்த மடிப்பிலேயே மடித்தாள்.

இறங்கும் வழியில்
ஒடுகத்தூரில் டிரைவர் வண்டியை நிறுத்தினான்.
புரோட்டா, எண்ணெய் மிதக்கும் சால்னா.
அன்றைய குழாய்கள் இருந்த ஐஸ் பெட்டியை
எங்கே வைப்பதென்று தெரியாமல்
மடியிலேயே வைத்துக்கொண்டு
சாப்பிட்டேன்.