வாய்க்குள் உருளும் கல்

ஓமலூர் கோர்ட்டில் வாய்தா வாங்கிய கையோடு
தாரமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன்.
சாமி கும்பிட இல்லை. வெயில்.

யாளியின் வாய்க்குள் விரலை விட்டு
உருட்டிப் பார்த்தேன்.
கல் உருண்டை பல்லுக்குப் பல் ஓடுகிறது,
வெளியே வரமாட்டேன் என்கிறது.
வெளியிலிருந்து போட்டதில்லை அது.
வாயைக் குடைந்தபோதே
அதே கல்லில் விட்டுவைத்தது.

எனக்கும் ஒன்று உண்டு,
பதினோரு வருஷமாய் நாக்கடியில்.
அண்ணன் பேச்சு எடுத்தாலே
உருண்டு வந்து குறுக்கே நிற்கும்.
அவன் வைத்தது என்றே இருந்தேன்.

உள்ளே ஒரு தூணில் ராமன் வில்லோடு.
அங்கே நின்றால்
தம்பியோடு மல்லுக்கட்டும் வாலி தெரிகிறான்.
வாலியிடம் போய்த் திரும்பிப் பார்த்தேன்.
ராமன் இல்லை.
வெறும் தூண்கள், வௌவால் வாடை.

மறுபடி நடந்தேன். இன்னொரு தரமும்.
சேகோ மில்லுக்குப் போகும் வண்டித்தடத்தை
என் பேரில் மட்டும் எழுதிய பத்திரத்தில்
அவன் குனிந்து கைநாட்டு வைத்த அன்று
நான் எந்தத் தூணில் நின்றேன் என்பதைப்
பாதமே கண்டுபிடித்தது.
அந்த இடத்துக் கல் குளுகுளுவென்றிருந்தது,
ரொம்ப நாள் பழகியது போல.

கருவறையில் மணி அடித்தார்கள். போகவில்லை.
வாலியின் தூணடியில் உட்கார்ந்து
போனை எடுத்தேன்.
'செங்கோடண்ணன்' என்றுதான் இன்னும் இருக்கிறது,
அழிக்கவில்லை.

ரிங் போகிறது.
உருண்டை
ஒரு பல் தள்ளி நகர்கிறது.