தானே இறங்கும் கை

நேற்றிரவு தூக்கி நிறுத்திய பூம்
விடிந்து பார்த்தால் பனியில் மூக்கைக் குத்தியிருக்கிறது.
மூன்றாம் நாள். சஸ்காட்சவன், மைனஸ் இருபத்தாறு.

சிலிண்டர் சீல்தான், ஆயிரம் டாலர்
என்கிறான் ஓரெஸ்ட்.
டார்லீனின் பல்லிடுக்கில் டார்ச்; பதில் இல்லை.
பூம் ஹோஸை பக்கெட்டுக்கும்
பக்கெட் ஹோஸை பூமுக்கும் மாற்றிப் பூட்டுகிறாள்:
மறுபடி பூம் இறங்கினால் சிலிண்டர்,
பக்கெட் கவிழ்ந்தால் வால்வு.

சாக்பீஸால் ஒரு கோடு. பிளாஸ்கில் காபி.
பேச்சில்லாத நாற்பது நிமிடம்.

கவிழ்ந்தது பக்கெட்,
தூக்கம் சொக்கிய குதிரைத் தலைபோல.

ரிலீஃப் வால்வைக் கழற்றினால்
அதன் வாயில் நகக்கீற்றளவு கறுப்பு ரப்பர்.
அக்டோபரில் அவன் போட்ட ஓ-ரிங்கின் சீவல்;
கொஞ்சம் பெரிசுதான், அழுத்தினால் உட்காரும்
என்று சொல்லிப் போட்டது.

அவன் கையுறையில் வைக்கிறாள்.
அதையே பார்க்கிறான்.
பிறகு போய்
அவளுடைய லாரிக் கண்ணாடியில்
பனி சுரண்டத் தொடங்குகிறான்.