பதினொரு நொடி முன்னதாக

பேரென்ட்ஸ் கடலின் படகுகளுக்கு எச்சரிக்கை வந்தது:
இன்ன தேதி, இன்ன மணி,
இந்த நான்கு மூலைக்குள் போகாதீர்கள்.
காரணம் சொல்லவில்லை.
அதற்கும் வடக்கே இன்னொரு கட்டம்.
இரண்டையும் அளவுகோல் வைத்துக் கோர்த்தேன்.
கோட்டைப் பின்னால் நீட்டினால் பிளெசெட்ஸ்க் காடு.
முன்னால் நீட்டினால், துருவம் தாண்டி உலகைச் சுற்றி,
என் தலை.

ரொட்டி ஆலையில் இரவு வேலை எனக்கு.
ஐந்துக்கு முடிந்ததும்
புருவத்தில் மாவோடு
உறைந்த ஓலு ஏரியின்மேல் நடந்துபோய் முக்காலியை ஊன்றுவேன்,
கயானி நகரத்து விளக்குகள் முதுகுக்குப் பின்னால்.
மைனஸ் இருபத்திரண்டு.
மூச்சுப் பட்டால் லென்ஸில் பனி பூத்துவிடும்.
சிகரெட்டை மறைக்கும் பையன்போல
ஓரமாக விடப் பழகியிருக்கிறேன்.

அருந்ததிக்குக் கீழே இரண்டு மங்கல் மீன்கள்.
அவற்றுக்கிடையே மனதால் ஒரு நூல் கட்டியிருந்தேன்.
ஐந்து நாற்பத்தொன்று.
முதலில் வந்தது மினுக்கியது,
எரிந்து, அணைந்து, எரிந்து,
குடித்துவிட்டு வீடு திரும்புகிறவனின் கைவிளக்கு.
ராக்கெட்டின் கடைசி அடுக்கு; வெறும் ஓடு.
பின்னால் இன்னொன்று.
மினுக்கவில்லை. அவசரமும் இல்லை.
வேலையாக வந்தவன் நடை.
நூலை அது தொட்டபோது கடிகாரத்தை அமுக்கினேன்.

காஸ்மோஸ், இரண்டாயிரத்துச் சொச்சம்.
அங்கே எல்லாவற்றுக்கும் அதே பெயர்தான், பின்னால் ஓர் எண்.
பெயர் மழுப்பும். பாதைக்கு மழுப்பத் தெரியாது.
ஒவ்வோர் ஊரையும் தினமும் ஒரே வேளையில் கடக்கும் தடம் இது,
நேற்றைய நிழலோடு இன்றைய நிழலை ஒப்பிட வசதியாக.
படம் எடுக்கிறவனைத் தவிர
அந்த நிழல் யாருக்கு வேண்டும்?

வீபே ஃபிரீஸ்லாந்துக்காரன்.
மாட்டுக்கொட்டகைக் கூரையில் ஆண்டெனா வைத்திருக்கிறான்.
பார்ப்பது நான், கேட்பது அவன்,
பதினாறு வருடமாக. முகம் பார்த்ததில்லை.
முதல் நாள் எழுதினான்: பேசுகிறது.
நான்காம் நாள்: திக்குகிறது.
ஆறாம் நாள் வெறும் முற்றுப்புள்ளி அனுப்பினான்.

என் மகன் இல்மோ எல்லைக் காவலில் இருக்கிறான், குஹ்மோவுக்குக் கிழக்கே.
அவன் முகாமில் கூரை எத்தனை, வண்டி எத்தனை
என்று எண்ணத்தான் இது போகிறதென்று
ஒரு வாரம் அதை வெறுத்தேன்,
நொடிக் கணக்குத் தவறாமல்.
வெள்ளை ஏரியில் நானும் ஒரு கறுப்புப் புள்ளிதானே.
ஒரு விடியலில் அதைப் பார்த்துக் கையாட்டிவிட்டேன்.
பிறகு யாரும் இல்லாத ஏரியில்
கையுறையைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்தேன்.

ஏற வேண்டிய உயரத்துக்கு அது ஏறவே இல்லை.
சாகப் போவது தயங்கித் தாமதமாக வரும்
என்றுதானே நினைப்போம்?
தாழத் தாழ வட்டம் சுருங்கும், வேகம் கூடும்.
என் நூலை இரண்டு நொடி முன்னதாகத் தொட்டது.
மறுவாரம் பதினொன்று.
மார்ச் கடைசியில் முழுசாய் அரை நிமிடம்.
விண்கலம் இயல்பாக இயங்குகிறது என்றது செய்தி.
அங்கே ஒருத்தியோ ஒருவனோ
என்னைப் போலவே தூக்கம் கெட்டு
கட்டளை அனுப்பிக்கொண்டிருந்திருக்க வேண்டும்:
திரும்பு. விரி. பதில் சொல்.
அவர்களுக்குச் சொல்ல அனுமதியில்லை.
எனக்குச் சொல்ல ஆளில்லை, வீபேயை விட்டால்.

ஏப்ரல் ஏழு.
ஏரி ஓரங்களில் முனகத் தொடங்கியிருந்தது;
கரையை விட்டுப் போகவில்லை.
ஐந்து பன்னிரண்டுக்கு வர வேண்டும்.
ஒரு நிமிடம் முன்னதாகவே கண்ணைப் பதித்தேன்.
பன்னிரண்டு.
பதினைந்து.
தெற்கிலிருந்து திரும்பிய அன்னங்கள் இரண்டு
தாழப் பறந்து என் நூலைக் கடந்தன.
கட்டைவிரல், பழக்கத்தில், அமுக்கிவிட்டது.

அந்த நேரத்தை அப்படியே வீபேவுக்கு அனுப்பினேன்,
நொடியில் பத்தில் ஒரு பங்கு வரை.
எந்தக் கணக்கிலும் வரவில்லையே, இது எது என்று கேட்டான்.
இன்னும் அடையாளம் காணவில்லை என்று எழுதிவிட்டு
மாவு உலர்ந்த முகத்தைக் கழுவப் போனேன்.